ஐம்பது எழுத்துக்குள் பாக்கியக்கா

கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார் பாக்கியக்கா. விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு, இரண்டு கையும் சேர்த்து இருபத்து நான்கு. இன்னொரு சுற்று வந்தால் நாற்பத்தெட்டு. கடைசியில் இரண்டு கட்டைவிரல்களையும் மடக்கினால் ஐம்பது. எண்ணும்போது உதடு மெல்ல அசையும். கழுத்தில் வெள்ளிச் சிலுவை வேறு இருப்பதால், புதிதாக வருகிறவர்கள் ஜெபமாலை சொல்கிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"ஜெபமால இல்லபா இது. அதுக்கு அருள் நிறைந்த மரியே அம்பத்து மூணு. இதுக்கு அம்பதுதான் எடம்" என்பார், எண்ணிக்கை தவறாமலே.

அவர் எண்ணுவது எழுத்துகளை. எங்களுடையது திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணூர் போகும் லாரி சாலையில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டு. துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை இறக்கி, எடை போட்டு, அடுக்கி, கேட்டவருக்கு அனுப்பி வைக்கிற இடம். இதற்கான கணக்கு வழக்கெல்லாம் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் அளவில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. எல்லோரும் அதை 'ஃபோர் ஹண்ட்ரட்' என்பார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தமிழ் அதற்குத் தெரியாது. அதில் ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்தால் ஆங்கிலத்தில் பத்தே எழுத்து. பத்து எழுத்தில் என்னத்தைச் சொல்ல முடியும்? அதனால் பக்கத்திலேயே ஐம்பது எழுத்துக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். இந்த ஃபைல் எதற்கு என்று அதில் எழுதலாம். அதற்குப் பெயர் டிஸ்கிரிப்ஷன். எழுதாமலும் விடலாம், மெஷின் ஒன்றும் சொல்லாது. பாக்கியக்கா சொல்லுவார்.

முழுப்பெயர் ஞானபாக்கியம். பிறந்தது ராயபுரம், குடியிருப்பது காலடிப்பேட்டையில் ஒரு வீட்டின் முதல் மாடி. வயது ஐம்பத்து நான்கு. இருபத்தைந்து வருடமாக அந்தப் பச்சைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் கேட் பாஸ் எழுதுகிறவன். என் மேசைக்கு எதிர் மேசை அவருடையது, நடுவில் ஒரு தண்ணீர்க் கேன். ஆகவே இந்தச் சித்திரத்தை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, வசதி இருக்கிறது.

ஐம்பது எழுத்துப் பழக்கம் அவர் வீட்டுக்குள்ளும் போய்விட்டது. ஒருமுறை அங்கே காபி குடிக்கப் போயிருந்தேன். அடுக்களை டப்பாக்களில் எல்லாம் துண்டுச் சீட்டு. 'துவரம்பருப்பு, புதுசு, கல் இருக்கும், பொறுக்கவும்.' சாவிக் கொத்தில் ஒரு சாவிக்கு மட்டும் அட்டை கட்டியிருந்தது: 'எந்தப் பூட்டுன்னு தெரியல, தூக்கிப் போடாதே.' அவர் கைபேசியில் ஏ.சி. மெக்கானிக்கின் பெயர் இப்படிப் பதிவாகியிருக்கும்: 'வசீம், ஏ.சி., வரேன்னுவான், வரமாட்டான்.' என்னை எப்படிப் பதிந்திருக்கிறார் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். 'கேட் பாஸ். ரெண்டாவது டீக்கு அப்பறம் பேச்சு குடுக்காதே.' பார்த்திருக்கவே கூடாது.

இன்னொரு பழக்கம். அந்தப் பச்சைத் திரையில் என்டர் என்பது, நாம் அழுத்துகிற பெரிய விசை அல்ல. வலது பக்கம் கீழ்க் கோடியில் உள்ள கண்ட்ரோல் விசை. கால் நூற்றாண்டாக அந்த ஓரத்தையே அழுத்திப் பழகியதால், வங்கி ஆனாலும் இ-சேவை மையம் ஆனாலும் அவர் விரல் நேராக அங்கேதான் போகும். ஒன்றும் நடக்காது. "இன்னாபா, உங்க மிஷினு தொங்கிகினு கீது" என்று அங்கே இருப்பவர்களைத் திட்டுவார். அவருடைய கீபோர்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அதன் மேல் ஓரம் தைத்த ஒரு கைக்குட்டை. அதை வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. மேனேஜர் ஜேக்கப் ஒருமுறை ஏதோ காட்டுவதற்காக விரலை நீட்டியபோது, "வாயால சொல்லுங்க சார், நா அட்ச்சிக்கிறேன்" என்றுவிட்டார்.

ஒரு ஃபைலுக்கு டிஸ்கிரிப்ஷன் இல்லை என்றால் அதை உருவாக்கியவரின் மேசைக்கே வந்து நிற்பார். கேள்வி மூன்று. "இன்னாது? யாருது? எதுக்கு?" பதில் வரும்வரை நகர மாட்டார்.

இதில் அதிகம் அடிபட்டவர் எத்திராஜ். லாரியோடு பெட்டியை எடை போடும் எடைமேடை அவர் பொறுப்பு. அக்காவுக்கு ஒரு வயது மூத்தவர், அதே அளவு வாய். அவர் ஒரு ஃபைலுக்கு ஆங்கில எழுத்தில் 'புதுசு' என்று எழுதினார். அதை மாற்றிச் செய்தபோது 'ரொம்பப் புதுசு' என்று எழுதினார். மூன்றாவதுக்கு 'இதான்' என்று எழுதினார். அக்கா மூன்றையும் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து எடைமேடை கேபின் கதவில் ஒட்டிவிட்டார். லாரி டிரைவர்கள் ஒரு மாதம் அவரை 'இதான் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அக்காவுக்கு அறவே பிடிக்காத வகை ஒன்று உண்டு. 'ஆஸ்க் குப்புசாமி.' குப்புசாமி பணி ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆகிறது, இப்போது மகளோடு ஆஸ்திரேலியாவில். அவரைக் கேட்கச் சொல்லி இன்னும் நாலைந்து ஃபைல்கள் மெஷினில் கிடக்கின்றன. "மன்சன் பேர டிஸ்கிரிப்ஷன்ல போடாத. மன்சன் பூடுவான், ஃபைலு அங்கியேதான் கீது. இத்த கேக்க நா கப்பல் ஏறணுமா?" என்பார்.

போன செப்டம்பரில் சௌமியா வந்தார். முப்பது வயது இருக்கும், பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு கம்பெனியிலிருந்து எங்கள் தலைமை அலுவலகம் அனுப்பியவர். ஃபோர் ஹண்ட்ரடை நிறுத்திவிட்டுப் புது சிஸ்டம் போடப் போகிறார்கள். நவம்பர் பத்தாம் தேதி மாற்றம், அன்றைக்கே பழைய மெஷினுக்கு ஓய்வு. அக்காவுக்கு இதில் வருத்தம் ஏதும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது சிஸ்டத்துக்கும் அவர்தான் ஆள். "நல்லதுதான், கண்ணு பூத்துப் போச்சுமா அந்தப் பச்சையப் பாத்து" என்று சௌமியாவிடம் சொன்னார்.

சௌமியாவுக்குத் தேவைப்பட்டது ஒரு பட்டியல். மெஷினில் உள்ள எல்லா ஃபைல்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் டிஸ்கிரிப்ஷனும். அதை வைத்துத்தான் எது புது வீட்டுக்குப் போகிறது, எது போகவில்லை என்று முடிவு. விதியும் எளிது. டிஸ்கிரிப்ஷனில் 'பழசு', 'டெஸ்ட்', 'உபயோகத்தில் இல்லை' என்று இருந்தால் போகாது. மற்றதெல்லாம் போகும், ஆனால் இது எங்களுடையது என்று ஏதாவது ஒரு துறையின் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

"எத்தனை ஃபைல் இருக்கும் மேடம்?"

"யாரு கண்டா? ஒவ்வொண்ணா பாத்தா கிறிஸ்மஸ் வந்துடும். புரோகிராமு எய்திடலாம்."

இரண்டு நாளில் எழுதினார். என்ன எழுதினார் என்று என் மரமண்டைக்குப் புரிகிற மாதிரி கேட்டேன். "ரொம்ப சிம்பிள். தெரு முனையில நின்னுகினு, இந்தத் தெருவுல எத்தினி வூடுன்னு மொதல்ல மிஷின கேக்கறது. அது லிஸ்ட்ட குடுக்கும். அப்பால ஒவ்வொரு வூட்டு கதவையும் தட்டி, போர்டுல இன்னா எய்திக்கீதுன்னு கேக்கறது. சொல்றத அப்டியே நோட்ல எய்திகினு அடுத்த கதவுக்குப் போறது. உள்ள பூந்து பாக்கறதில்ல. போர்டு மட்டும்தான்." முதல் ஓட்டத்தில் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கதவுகள். நாலு நிமிடம் ஆயிற்று.

போர்டே இல்லாத வீடுகள் அறுநூற்றுச் சொச்சம். செப்டம்பர் முடியும்வரை அக்கா அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு துறை துறையாகப் போய் மூன்று கேள்வி கேட்டார். எத்திராஜ் அவரைத் தூரத்தில் கண்டாலே லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். ஒருநாள் பிடிபட்டபோது, "யம்மா தாயே, நா இன்னாத்த கண்டேன், இருவது வருசத்துக்கு முன்ன எய்துனதுமா அது" என்று கும்பிட்டார். அக்கா விடவில்லை. பதினெட்டு ஃபைலுக்கும் பதில் வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

அக்டோபர் ஒன்றாம் தேதி முதல் மெஷினில் எதையும் மாற்றக் கூடாது என்று தடை. டிஸ்கிரிப்ஷனில் ஒரு கமா போட்டால்கூட யார், எப்போது, ஏன் என்று பதிவாகும், மேனேஜர் கையெழுத்தும் வேண்டும். மூன்றாம் தேதி வியாழக்கிழமை அக்கா கடைசி முறையாகப் புரோகிராமை ஓட்டிப் பட்டியலை எடுத்தார். மறுநாள் கூட்டத்தில் அதற்கு ஒப்புதல். பிரிண்ட் எடுத்ததை நம்பாமல், ஸ்கேலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தார். பாதி வாய்விட்டு, பாதி முணுமுணுத்து. தண்ணீர்க் கேனுக்கு இந்தப் பக்கம் எனக்கு அது ரேடியோ மாதிரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழாவது வரியில் ரேடியோ நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். ஸ்கேல் அந்த வரிக்குக் கீழே அப்படியே இருந்தது. அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

"இன்னாக்கா?"

"என் ஃபைலு" என்றார். "தண்ணி லிஸ்ட்டு."

எட்டிப் பார்த்தேன். வரியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் அர்த்தம் இது: 'கேன்டீன் சாப்பாட்டு டோக்கன், உபயோகத்தில் இல்லை.'

தண்ணி லிஸ்ட் எது என்று எங்கள் யார்டில் கேட்கத் தேவையில்லை. வருடா வருடம் ஆடி முடிந்ததும் அக்கா கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகப் பிடிப்பார். "உங்க வூட்டாண்ட தண்ணி எவ்ளோ வரும்? முட்டியா, இடுப்பா, நெஞ்சா? வூட்ல எத்தினி பேரு? சொந்தத்துல யார்னா படகு வச்சிகினு கீறாங்களா?" இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் வெள்ளத்தில், எங்கள் ஆட்கள் பலர் மொட்டைமாடியில் இரண்டு நாள் நின்றார்கள். அதே ஆட்களோடு வேலை செய்கிற முகத்துவாரக்குப்பத்துக்காரர்களின் படகுகள் கரையில் சும்மா கிடந்தன. யார் வீடு எங்கே என்று தெரிந்திருந்தால் வந்திருப்பார்கள், தெரியவில்லை. அந்த வாரமே அக்கா தொடங்கியதுதான் இது. இருநூற்றுப் பதினான்கு வீடு, பதினேழு படகு.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் எர்ணாவூரில் என் வீட்டு வாசலுக்கு ஒரு ஃபைபர் படகு வந்தது. எண்ணெய் மிதக்கிற கறுப்புத் தண்ணீர், இடுப்பு வரை. படகில் இருந்தவர் எங்கள் கிரேன் ஆபரேட்டர் வல்லரசுவின் மச்சான் ஜெரி. என்னை அவருக்குத் தெரியாது. "இடுப்பு, நாலு பேரு, ஒருத்தருக்கு நடக்க முடியாது. சரிதானே?" என்று கேட்டார். அந்த நடக்க முடியாத ஆள் என் மனைவி, அப்போது காலில் கட்டுப் போட்டிருந்தாள், அதை அக்காவிடம் சொல்லியிருந்தேன். காலடிப்பேட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு, கையில் பிரிண்ட் எடுத்த லிஸ்ட்டோடு அக்கா ஒவ்வொரு படகாக அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு அழுதேன். இதை எழுதும்போதும் அழுகைதான் வருகிறது.

அந்த லிஸ்ட் எப்படிக் கேன்டீன் ஆயிற்று? இரண்டாயிரத்துப் பதினைந்தில் புது ஃபைல் உருவாக்க அக்காவுக்கு அனுமதி கிடையாது. தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டால் மூன்று வாரம் ஆகும். ஆனால் இருப்பதைப் பிரதி எடுக்கலாம். கேன்டீன் டோக்கன் முறை முந்தின வருடமே நின்று போய், அந்த ஃபைல் காலியாகக் கிடந்தது. ஊழியர் எண், பெயர், உணவு வகைக்கு ஓர் எழுத்து, தொடுகறிக்கு இருபது எழுத்து, எண்ணிக்கை. அக்காவுக்கு வேண்டியதும் அதேதான். பிரதி எடுத்தார். உணவு வகை இருந்த இடத்தில் தண்ணீர் அளவைப் போட்டார், தொடுகறி இருந்த இடத்தில் படகைப் போட்டார், எண்ணிக்கையில் ஆட்களைப் போட்டார். பிரதி எடுத்தால் டிஸ்கிரிப்ஷனும் ஒட்டிக்கொண்டே வரும். அதை அப்புறம் மாற்றலாம் என்று விட்டார். அவர் தினமும் திறப்பது வேறொரு சின்னத் திரை வழியாக, அதில் டிஸ்கிரிப்ஷன் தெரியாது. ஊரையெல்லாம் மூன்று கேள்வி கேட்டவர், தன் கதவில் தொங்கிய போர்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மத்தியானம் வல்லரசு கிரேனிலிருந்து இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். "இதுக்கா யக்கா பேஜாராகினு கீற? புரோகிராமு உன்துதானே? இந்த ஒரு ஃபைல மட்டும் வேற பேர் சொல்லி வெளிய குடுன்னு ஒரு வரி சொருவிடு. எவனுக்குத் தெரியப் போவுது?"

"எனுக்குத் தெரியும்" என்றார் அக்கா.

"அப்ப எக்ஸெல்ல போட்டு வச்சிக்க."

"அதுல போட்டா எவனோ ஒருத்தன் வூட்டு லேப்டாப்ல தூங்கும்டா. இதுல போட்டாதான் நீ வூடு மாத்தி ஆபீஸ்ல அட்ரஸ் குடுத்த உடனே, இவன்கிட்ட மறுபடி தண்ணி அளவு கேளுன்னு எனக்குக் காட்டும். பேப்பரு மறுநாளே பழசு. புரோகிராமு கதவத் தட்டி இன்னா கேட்டுச்சோ அத்ததான் சொல்லும். நா அத்த பொய் சொல்ல வச்சா, அப்பால அந்த மூவாயிரத்துல எத்த நீ நம்புவ?"

வல்லரசு கிரேனுக்குத் திரும்பிப் போனான். வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது. நவம்பர் பத்தாம் தேதிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது, மழையும் அப்போதுதான் வரும். அக்கா அன்றைக்கு டிபன் டப்பாவைத் திறக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டம். ஜேக்கப் சார், சௌமியா, துறைக்கு ஒருவர். கேட் சார்பில் நான். பட்டியல் எல்லோர் கையிலும் இருந்தது. யாரும் ஆரம்பிக்கும் முன்பே அக்கா எழுந்து நின்றார்.

"சார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழாவது வரி தப்பு. டிஸ்கிரிப்ஷன் பொய். அத்த விட்டு வச்சது நான்தான்."

எத்திராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இருபது வருடமாக இதற்காகத்தான் காத்திருந்தவர் போல முகம் மலர்ந்தது. "இரு இரு பாக்கியம். இன்னொரு வாட்டி சொல்லு. யாரு டிஸ்கிரிப்ஷன் தப்பு? இத்த பிரிண்ட் எட்த்து எந்தக் கதவுல ஒட்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சௌமியா மடிக்கணினியில் அந்த ஃபைலைத் திறந்து முதல் வரியைப் படித்தார். "வல்லரசு. உணவு வகை: ஆங்கில 'என்'. தொடுகறி: ஃபைபர் படகு. எண்ணிக்கை: ஆறு." நிமிர்ந்தார். "மேடம், 'என்'னா நான்-வெஜ்தானே? ஆனா கேன்டீன்ல படகா போட்டாங்க?"

"நெஞ்சும்மா அது. நெஞ்சளவு தண்ணி. ஆறு பேரு, சொந்தப் படகு." அக்கா முழுவதையும் சொன்னார். ஐம்பது எழுத்துக்குள் இல்லை, பத்து நிமிடம் ஆயிற்று. சிரிப்பு நின்றுவிட்டது.

ஜேக்கப் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் நல்லவர், ஆனால் தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "மேடம், இது நல்ல காரியம்தான், நான் மறுக்கல. ஆனா இது கம்பெனி டேட்டாவா, உங்க சொந்த லிஸ்ட்டா?"

சௌமியா பேனாவை எடுத்துக்கொண்டார். குரலில் கிண்டல் இல்லை. "நீங்க எல்லாரையும் கேட்டதையே கேட்கறேன் மேடம். இது என்ன?"

"யார் வூட்டாண்ட எவ்ளோ தண்ணி வரும், யார்கிட்ட படகு கீதுன்றது."

"எதுக்கு?"

"மழைக்கு."

"யாருது?"

அக்கா சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "எங்களுதுதாம்மா. இருநூத்துப் பதினாலு பேருது."

"ஃபார்ம்ல ஒரு துறைதான் போட முடியும் மேடம். கையெழுத்தும் வேணும். இல்லன்னா நவம்பர் பத்தோட போயிடும்."

ஊழியர் விவகாரத் துறையிலிருந்து வந்தவர், தண்ணீர் அளவெல்லாம் எங்களிடம் வராது என்றார். பாதுகாப்புப் பிரிவு, தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போட முடியாது என்றது. நான் கையை உயர்த்தியிருக்கலாம். அந்தப் படகில் ஏறி உட்கார்ந்தவன் நான். ஆனால் நாளைக்கு யாராவது, கேட் பாஸுக்கும் வெள்ளத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். வெட்கக்கேடுதான். மறைத்து என்ன பயன்?

"எடைமேடைல போடு" என்றது ஒரு குரல்.

எத்திராஜ். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"எடைமேடைக்கும் இதுக்கும்…" என்று ஜேக்கப் சார் தொடங்கினார்.

"இன்னா சார் சம்மந்தம் இல்ல? மழ பேஞ்சா இந்த யார்டுல மொத ரொம்பறது என் மேடைக்குக் கீழ கீற பள்ளம்தான். அதுல ஒரு அடி நின்னா எர்ணாவூர்ல முட்டி. ரெண்டரை அடின்னா இடுப்பு. மூணரை தாண்டுச்சுன்னா முகத்துவாரக்குப்பத்துல நெஞ்சு. பதினஞ்சு வருசமா குச்சி வுட்டுப் பாத்துகினு கீறேன். செவத்துல கோடே போட்டு வச்சிகினு கீறேன்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். வருடா வருடம் இருநூற்றுப் பதினான்கு பேரிடம் தண்ணீர் எவ்வளவு வரும் என்று கேட்டவர், அது எப்போது வரும் என்று தெரிந்த ஒரே ஆள் முப்பதடி தள்ளிக் கேபினில் உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் அறிந்தார்.

"இத்த ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? ஃபைலு பேரத்தான கேட்ட."

ஜேக்கப் சார் ஃபார்மைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எடைமேடை என்று எழுதிய கட்டத்தைக் காட்டி எத்திராஜிடம் பேனாவைக் கொடுத்தார். தடைக் காலத்தில் ஒரு டிஸ்கிரிப்ஷனை மாற்றவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாற்றத்துக்குக் காரணம் என்ற இடத்தை அக்கா தன் கையாலேயே நிரப்பினார்: 'எழுதியிருந்தது தவறு. பொறுப்பு: ஞானபாக்கியம்.'

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அவர் மேசையைச் சுற்றி நின்றோம். கைக்குட்டையை எடுத்தார், உறையை எடுத்தார். விரல் ஓடியது. ஆங்கில எழுத்தில் பச்சையாக வந்தது: 'வாட்டர் லெவல் & போட் - ஸ்டாஃப் ஹோம்ஸ் - ஆஸ்க் பாக்கியம்'. இடைவெளிகளையும் சேர்த்துக் கணுக்களில் எண்ணினார். நாற்பத்தேழு. இன்னும் மூன்று இடம் மிச்சம் இருந்தது.

"புது சிஸ்டத்துல இருநூத்தம்பது எழுத்து வரைக்கும் போடலாம் மேடம்" என்றார் சௌமியா பின்னாலிருந்து.

அக்கா காதில் வாங்கவில்லை. கடைசி வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகப் பின்னோக்கி அழித்தார். எட்டு எழுத்தும் போயின. அந்த இடத்தில் ஆங்கிலத்தில் பதினொரு எழுத்தாக 'வேபிரிட்ஜ்' என்று அடித்தார். எடைமேடை. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, கடைசியில் இரண்டு கட்டைவிரலும் மடங்கின. ஒன்றுகூட மிச்சமில்லை.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "எத்திராஜு, இங்க வா. குந்து. நீயே அமுக்கு."

எத்திராஜ் எங்களைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார். பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, நடுவில் உள்ள பெரிய என்டரை நோக்கி விரலை நீட்டினார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாகக் கீழே இழுத்து, வலது கோடியில் உள்ள அந்தச் சின்ன விசையின் மேல் விரலைக் கொண்டுபோய் வைத்தார்.